டர்பனில் ஒரு டிஎன்ஏ பொருத்தம்: பூட்டனோட தம்பி வாரிசா, இல்லை தூரத்துப் பங்காளியா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. எங்களுக்குக் காங்கேயம் பக்கம், நான் வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு டிஎன்ஏ பரிசோதனை செய்ததில், பொருத்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா டர்பனில் இருக்கும் ஒரு அம்மா வந்திருக்கிறார். 94 சென்டிமார்கன் (இருவருக்கும் ஒத்துப்போகிற டிஎன்ஏவின் அளவு). பெயருக்குப் பின்னால் கவுண்டன் என்று இருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, "கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து கப்பலில் வந்தோம் என்று பாட்டி சொல்லுவார்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

காரணம், எங்கள் வீட்டில் ரொம்ப காலமாக ஒரு பேச்சு உண்டு. அப்பாருடைய (அப்பாவைப் பெற்றவர்) அப்பாவுக்கு, அதாவது என் பூட்டனுக்கு, ஒரு தம்பி. கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து, கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்குக் காளை ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை, கப்பல் ஏறிவிட்டார் என்பார்கள். 1900-க்கு அப்புறம் நடந்ததாக இருக்க வேண்டும். அவர் பங்கு நிலத்துக்கு இன்றைக்கும் "சின்னவர் காடு" என்றுதான் பேர்.

இந்த 94-ஐ வைத்து அவர் வாரிசு என்று சொல்ல முடியுமா? எங்களில் மாமன் மகளைக் கட்டுவது, அக்கா மகளைக் கட்டுவது எல்லாம் உண்டு, அதனால் எண் ஏறித் தெரியும் என்கிறார்களே, நிஜமா? அப்பாவுக்கு 80 வயது, ஊரில் இருக்கிறார். அவருக்கு ஆண் வழியை மட்டும் காட்டும் ஒய் பரிசோதனை எடுத்தால் விஷயம் முடிந்துவிடுமா? பெரியப்பா மகன் வேறு, "சும்மா இருப்பா, காட்டுல பங்கு கேட்டு வந்துருவாங்க" என்கிறார்.

பெருந்துறை_தறி:

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அப்பா பிள்ளைக்குள் சுமார் 3,400 சென்டிமார்கன் ஒத்துப்போகும். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்குள் சராசரி 850-க்கு மேல். அப்பாருக்கள் அண்ணன் தம்பி என்றால் 230 பக்கம். உங்கள் கதைப்படி பூட்டன்கள் அண்ணன் தம்பி, அந்த அம்மாவும் உங்கள் தலைமுறைதான் என்றால் சராசரி 70 சொச்சம் வரும். ஆக 94 என்பது உங்கள் கதைக்குப் பொருந்துகிற எண்தான். ஆனால் அதே எண் வேறு பல உறவுக்கும் பொருந்தும், சிக்கல் அங்கேதான். இந்தத் தூரத்து உறவில் பத்தில் ஒருவருக்கு ஒன்றுமே ஒத்துப்போகாது, அதனால் நாளைக்கு உங்கள் தங்கைக்கு எடுத்துப் பார்த்து அவருக்கு அந்த அம்மா வரவில்லை என்றாலும் பதறாதீர்கள்.

எண் ஏறுவது நிஜம். உங்கள் பூட்டன் தன் தாய்மாமன் மகளைக் கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பூட்டனின் அம்மா பிறந்த வீட்டு டிஎன்ஏ, உங்கள் அப்பாருக்குத் தன் அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். டர்பன் ஆட்களோடு ஒப்பிடும்போது ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழியில் ஒத்துப்போகும், கம்பெனிக்காரன் கணக்கு அதை நெருங்கின உறவு என்று காட்டிவிடும். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள். 94-ம் ஏழு, எட்டு என்று பொடித் துண்டுகளாகச் சேர்ந்திருந்தால் அது பல நூற்றாண்டாக நமக்குள்ளேயே கொடுத்து வாங்கியதன் மிச்சமாக இருக்கலாம். முப்பது நாற்பதில் ஒரு நீளமான துண்டு இருந்தால் சமீபத்தில் ஒரு பொது மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம். அதே போல, எக்ஸ் குரோமோசோமில் உங்களுக்கும் அவருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அங்கே பொருத்தம் இருந்தால் அந்தத் துண்டு உங்கள் அப்பாவிடமிருந்து வந்ததே இல்லை, அம்மா வழியைத் தேட வேண்டும்.

இப்போது ஒய். நம் ஊர்க்காரர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். ஒய் அப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போவது. நம் கூட்டமும் (குலம்) அதே வழியில்தான் போகிறது. அதனால் டர்பனில் அந்த வம்சத்து ஆண் ஒருவருக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஒய் ஒத்துப்போனால், ஒரே கூட்டத்துப் பங்காளி என்பதற்கு நல்ல ஆதாரம். ஆனால் பூட்டனோட தம்பி வாரிசா, நானூறு வருஷத்துக்கு முன்னால் பிரிந்து ராசிபுரம் பக்கம் போன கிளையா என்று சாதாரண ஒய் பரிசோதனை சொல்லாது. நெருக்கம் தெரிய நீங்கள் எடுத்த அதே பொதுப் பரிசோதனையை அப்பாவுக்கு எடுக்க வேண்டும். உங்களைவிட ஒரு தலைமுறை மேலே இருப்பதால் அவருக்கு எண் உயர்ந்து வர வேண்டும், சராசரி 120 பக்கம். அவர் பட்டியலில் அந்த அம்மாவே இல்லை என்றால் அது உங்கள் அம்மா வழி உறவு, சின்னவர் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று. ஒய் ஒத்துப்போகாவிட்டால் உடனே யாரையும் தப்பாகப் பேசிவிடாதீர்கள். தத்து எடுத்தது, ஆண் வாரிசு இல்லாமல் மருமகனையே வீட்டோடு வைத்துக்கொண்டது எல்லாம் எந்தக் குடும்பத்திலும் நடந்திருக்கக் கூடியது. கோயிலில் தலைக்கட்டு வரி கொடுத்து, பொங்கல் வைத்து, சீரும் செனத்தியும் செய்துகொண்டிருப்பவர் பங்காளிதான். டிஎன்ஏ பரிசோதனைக்கான எச்சில் குழாய் அதை மாற்றாது.

கொடுமுடிக்காரி:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். நம் கோயில் நோட்டில், செப்புப் பட்டயத்தில், ஓலையில் எல்லாம் ஆண் வரிசைதான். ஈரோட்டில் புலவர் செ. இராசு ஐயா பட்டயமும் ஓலையுமாக அவ்வளவு தேடிச் சேர்த்தார், கொங்கில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அப்பேர்ப்பட்ட ஆவணங்களிலும் என் அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவர்) அம்மா பேரைத் தேடினால் எங்கே கிடைக்கும்? இந்தப் பொதுப் பரிசோதனையில்தான் பெண் வழியும் சரிசமமாக வருகிறது. அம்மா வழி மட்டும் காட்டும் மைட்டோகாண்ட்ரியா பரிசோதனையும் இருக்கிறது, ஆனால் அது அவ்வளவு மெதுவாக மாறுவதால் பூட்டி, ஓட்டி அளவில் ஆளை அடையாளம் காட்டாது. பணத்தை அதில் போடாதீர்கள்.

நொய்யல்கரை தம்பி, உங்கள் அப்பாவோடு நிறுத்தாதீர்கள். அப்பாருடன் பிறந்த அத்தைப்பாட்டி யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் டர்பன் அம்மாவுக்கு இன்னும் நெருக்கம், உங்கள் ஆத்தா (அப்பாவின் அம்மா) வழிக் கலப்பும் அவருக்குக் கிடையாது. அப்படியே பூட்டன் எந்த ஊரில் பெண் எடுத்தார், அவர் அம்மா எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மாயி, சீர் யார் யார் கொண்டு வந்தார்கள் என்பதை வைத்தே நாலு தலைமுறைப் பெண் வழியைச் சொல்லிவிட்டார். இவர்கள் போய்விட்டால் டிஎன்ஏ எண் கையில் இருக்கும், யாருடைய எண் என்று சொல்ல ஆள் இருக்காது.

அமராவதி_தாராபுரம்:

டர்பன் இருக்கும் நடால் பகுதிக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலைப் பார்த்தீர்களா? சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒப்பந்தக் கூலிகள் நடாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதினார்கள். டர்பன் அம்மாவிடம் அவர் முன்னோரின் ஒப்பந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு போன்ற பழைய காகிதங்களில் பல குடும்பங்கள் அதை வைத்திருக்கின்றன.

ஈரோடு, திருப்பூர் என்று மாவட்டம் போட்டுத் தேடாதீர்கள். ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் வந்தவை, பழைய காகிதத்தில் கோயம்புத்தூர் ஜில்லாதான். காங்கேயம் ஊர்கள் தாராபுரம் தாலுகா என்று இருக்கும். ஊர்ப் பேரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கவுண்டன் என்ற பேரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சேலம், வட ஆற்காடு பக்கம் வன்னியரும் கவுண்டர் பட்டம் போடுகிறவர்கள், அங்கிருந்தும் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அது பிறந்த வீட்டுப் பேரா, கட்டின வீட்டுப் பேரா என்றும் கேளுங்கள். கட்டின வீட்டுப் பேர் என்றால் உங்கள் தேடலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் பெரியப்பா மகனிடம் சொல்லுங்கள், நாலு தலைமுறையாக அங்கே வேர் பிடித்தவர்கள் தேடுவது ஊர்ப் பேரையும் குலதெய்வத்தையும்தான். வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், கோயில் வாசலில் நின்று அப்படி அழுவார்கள்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பார்த்துவிட்டேன், நீளமான துண்டு 41. எக்ஸில் பொருத்தம் இல்லை. அப்போ அப்பா வழி என்று வைத்துக்கொள்ளலாமா? கவுண்டன் என்பது பிறந்த வீட்டுப் பேர்தானாம், ஒரு அண்ணனும் இருக்கிறாராம். ஒப்பந்த எண்ணைத் தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.

அப்பா சரி என்றுவிட்டார். அத்தைப்பாட்டி ஒருவர் வெள்ளகோவிலில் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர், எப்போதும் வாயில் வெற்றிலைதான். அவரிடம் எப்படி எடுப்பது?

பெருந்துறை_தறி:

எக்ஸ் இருந்தால் அப்பா வழி இல்லை என்று சொல்லலாம், இல்லாததால் அப்பா வழி என்று ஆகிவிடாது. அம்மா வழி உறவிலும் எக்ஸ் வராமல் போகும். அப்பாவுடையது வரட்டும். 41 நல்ல நீளம், நம்பிக்கையோடு இருக்கலாம்.

பாட்டிக்கு எச்சில் குழாய் வேண்டாம், வயதானவர்களுக்கு வாய் உலர்ந்து இருக்கும், குழாயை நிரப்பப் பெரும்பாடு. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கிற கம்பெனி பாருங்கள். காலையில் எழுந்ததும் முதல் வெற்றிலைக்கு முன்னால், வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வைத்து, அரை மணி நேரம் எதுவும் கொடுக்காமல் இருந்து எடுங்கள்.

எடுப்பதற்கு முன் என்ன செய்கிறோம் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். "சளிக்குப் பார்க்கிறோம்" என்று சொல்லி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது ரொம்பத் தப்பு. அவருடையதைக் கொடுத்தால் அவர் பிள்ளைகள் விவரம் பாதியும், பேரன் பேத்திகள் விவரம் கால்வாசியும் சேர்ந்தே போகிறது. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேர் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. அதனால் பெயருக்குப் பதில் முதல் எழுத்துகள் மட்டும் போடுங்கள், உடல்நல ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்கும் கட்டத்தை அவர்களைக் கேட்காமல் டிக் செய்யாதீர்கள். கச்சா கோப்பை (பரிசோதனையின் மூல விவரக் கோப்பு) இறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இருக்கிறார் என்பது பெரிய விஷயம். பாட்டியும் அப்பாவும் பொதுப் பரிசோதனையில் ஒத்துவந்தால், அதற்கப்புறம் அப்பாவுக்கும் அந்த அண்ணனுக்கும் ஒய் எடுங்கள், இருவரும் ஒரே கம்பெனியில், 37 குறியீட்டுக்கு (ஒய்யில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்) குறையாமல். இரண்டும் சேர்ந்து, கப்பல் பட்டியலில் ஊர்ப் பேரும் வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

கொடுமுடிக்காரி:

வெள்ளகோவில் பாட்டியிடம் போகும்போது போனில் பேச்சையும் பதிவு செய்துகொள்ளுங்கள் தம்பி. போனவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, இங்கே யாரையாவது விட்டுவிட்டுப் போனாரா என்று மறக்காமல் கேளுங்கள். அதை இதுவரைக்கும் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.