ஒடியா கிராமக் கவிதைகள்: வாசிப்பு வட்டத்தில் எதை முதலில் எடுப்பது?

கேள்வி | செம்பனை நிழல்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடக்கும் வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த தலைப்பு ஒடியா கிராமக் கவிதை. இரண்டு மணி நேரம். பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், மீதி படிவம் ஆறு மாணவர்கள். ஊரும் மதிப்பீடுகளும் மாறுவதைப் பேச எந்தக் கவிஞர்கள், எந்த வரிசை? தமிழாக்கத்தை ஆங்கிலம் வழியாகத்தான் செய்ய முடியும். எங்கே சறுக்கும்?

பதில் | லயத்து வாசல்
நந்தகிஷோர் பல் (1875–1928) என்ற கவிஞரிலிருந்து தொடங்கலாம் என்றுதான் தோன்றும். ஊர்ப்புறக் கவி என்றே அவரை அழைக்கிறார்கள். ஆனால் அவர் முதலில் வந்தால், 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பலராம தாசரின் லட்சுமி புராணத்தை முதலில் வையுங்கள். சுமார் 500 ஆண்டுப் பழமை. ஒடிசாவில் மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் (நமக்குக் கார்த்திகை, மார்கழி வாக்கில்) பெண்கள் வீட்டில் இன்றும் படிக்கிறார்கள். லட்சுமி ஊரைச் சுற்றி வருகிறாள். சாணம் மெழுகி அரிசிமாவுக் கோலம் போட்டிருப்பது, தாழ்ந்த குலத்தவள் எனப்பட்ட ஸ்ரீயாவின் குடிசையில்தான். அங்கே நுழைகிறாள். அதற்காக அண்ணன் பலபத்திரர் சொல்லி, கணவர் ஜகந்நாதர் அவளை வீட்டை விட்டு அனுப்புகிறார். அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு ஆண்டு பசியில் அலைந்து, கடைசியில் அவள் வாசலிலேயே சோற்றுக்கு நிற்கிறார்கள். சாதி பாராமல் உண்ண வேண்டும் என்பதே அவள் போடும் நிபந்தனை.

இதற்கு 40 நிமிடம் கொடுங்கள். மதிப்பீட்டை மாற்றச் சொல்லும் குரல் பட்டணத்திலிருந்து வரவில்லை, ஊரின் விரதக் கதைக்குள்ளேயே இருக்கிறது என்பது மாணவர்களுக்குப் பிடிபட வேண்டும். தோட்டத்து லயக் குடியிருப்பில் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடித்தார்கள் என்ற பேச்சை மூத்தவர்களே எடுப்பார்கள், குறுக்கே போகாதீர்கள்.

பிறகு பலின் 'பல்லி சித்ர' தொகுப்பிலிருந்து ஒரு கவிதை போதும். அடுத்து சச்சி ராவுத்ராயின் 'பாஜி ராவுத்'. 1938இல் பிராமணி ஆற்றில் போலீசாருக்குப் படகு தர மறுத்துச் சுடப்பட்ட 12 வயதுப் பையனைப் பற்றியது. ஊர் என்பது அழகு மட்டுமல்ல, அதிகாரம் வந்து இறங்கும் இடமும்தான் என்பது இங்கே துலங்கும்.

பதில் | ஒற்று நீக்கி
தமிழாக்கம் பற்றி. ஒடியா யாப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜகந்நாத தாசரின் ஒடியா பாகவதம் நவாட்சரி யாப்பு, அடிக்கு ஒன்பது எழுத்து. கட்டளைக் கலித்துறை போல ஒற்றெழுத்தை நீக்கி எண்ண வேண்டும். ஒடியாவில் சொல்லின் கடைசி அகரம் ஒலிக்கும். இந்திப் பழக்கத்தில் அதை விழுங்கிப் படித்தால் எழுத்து குறைந்து ஓசை உடையும். மாதிரிக்கு நான்கு அடி வாசிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

அவர்களுடையது அடி இறுதி இயைபு. தமிழில் அதையே பிடித்து இழுத்தால் வினைமுற்றுகள் வரிசையாக வந்து விழும், பத்து அடிக்குள் சலித்துவிடும். எதுகைக்கு மாறிவிடுங்கள். அடிக்கு ஒன்பதும் வேண்டாம், பொருள் நசுங்கும், நாற்சீர் போதும்.

பதில் | செம்பனை நிழல்
நன்றி. இன்று எழுதுபவர் யாரை வைக்கலாம்?

பதில் | லயத்து வாசல்
ஹலதர் நாக். பர்கட் மாவட்டம் கேஸ் ஊர்க்காரர், மூன்றாம் வகுப்புப் படிப்பு, 2016இல் பத்மஸ்ரீ. எழுதுவது மேற்கு ஒடிசாவில் பேசப்படும் சம்பல்புரியில். அதைத் தனி மொழி என்று சொல்பவர்கள் உண்டு, அறிவிப்பில் 'சம்பல்புரிக் கவிதை' என்றே போடுங்கள். அவர் தம் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்பவர். தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடிய மாணவர் ஒருவருக்கு அந்தப் பகுதியை இப்போதே கொடுத்துவிடுங்கள்.