திரும்பி வந்த குட்டிச் சுருட்டு: பிடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழம்பெட்டி:
ஒரே முறை சுற்றப்பட்டுத் தீர்ந்துபோன அந்தக் குட்டிச் சுருட்டு, இப்போது ஒரே கடைக்கான நிரந்தரச் சரக்காகத் திரும்பியிருக்கிறது. நீளம் 4 அங்குலம், கனம் 40 ரிங். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. ஆக, அரையே அரைக்கால் அங்குலம்.

பழைய பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை விடாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். சென்ற வாரம் அதையும் புதியதையும் அடுத்தடுத்த மாலைகளில் பிடித்தேன். பழையது சாந்தமாகத் தொடங்கி, பாதியைத் தாண்டியதும் கொக்கோ வாசனையாய் விரிந்தது. நினைவில் வைத்திருந்த அதே சுவை! புதியதோ முதல் சில இழுப்புகளில் மூக்கைக் குத்தியது. அது அம்மோனியா. இலை புளிக்கும்போது உண்டாவது, நாள்பட அடங்கிவிடும். அதனால், ‘இது அந்தச் சுருட்டே இல்லை’ என்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஐந்தாறு மாதம் பெட்டியில் உறங்கட்டும்.

நிதானம்:
உறங்கினாலும் வேறுபாடு போகாது என்றே நினைக்கிறேன். மெல்லிய சுருட்டில் உள்ளிலை குறைவு. மேலிலைதான் நாவில் பேசும். எனக்குக் கிடைத்த பெட்டியில் மேலிலை ஒரு சாயல் கறுத்திருந்தது, இனிப்பும் தூக்கலாக இருந்தது. ஒரு தடவை மட்டும் சுற்றுவதற்கு ஒரே அறுவடையின் இலை போதும். ஆண்டுதோறும் சுற்ற வேண்டுமானால் வெவ்வேறு அறுவடைகளைக் கலந்துதான் ஆக வேண்டும். இது ஏமாற்று வேலை அல்ல. எப்போது போனாலும் கிடைக்கும் என்பதற்காக நாம் கொடுக்கும் விலை. எனக்கு அதில் சம்மதமே.

ஒன்று மட்டும்: அவசரமாக இழுக்காதீர்கள். முதல் சுருட்டைப் பதினைந்தே நிமிடத்தில் முடித்துவிட்டேன்; இலை சூடேறி, கசப்பு இரவு முழுவதும் நாக்கில் நின்றது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும்.

வெறும்பெட்டி:
மருத்துவர் சொல்லி நான் புகையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நண்பருக்கு வாங்கித் தருவதற்காக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் தேவதாரு மணமும் இலை மணமும் சேர்ந்து எழுந்தன. முதல் வெளியீட்டின்போது கடைசிப் பெட்டியை அண்ணனும் நானும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் இப்போது இல்லை. பற்றவைக்காத ஒரு சுருட்டைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பழைய காலிப் பெட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதில் பேனாக்கள் வைத்திருக்கிறேன்.

பழம்பெட்டி:
அந்தப் பெட்டியின் உள்மூடியில் வெளியீட்டு எண் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். என்னுடையதில் அழிந்துவிட்டது.