நம் குடும்பம்: பாப்பாவின் பிறந்தநாள்

அக்கா (காலை 9:10): அடுத்த ஞாயிறு பாப்பாவுக்குப் பத்து வயது. இந்த முறை ஹால் எடுக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளை இலவசமாகத் தங்கவைத்துப் படிக்கவைக்கிறார்களே, அந்த உறைவிடப் பள்ளியில் மதியச் சாப்பாடு போடுகிறோம். பாப்பா கையாலேயே பரிமாறப் போகிறாள். எல்லோரும் வந்துவிடுங்கள்.

பெரியப்பா: ரொம்ப நல்ல காரியம்மா.

தம்பி: கேமரா என் பொறுப்பு.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: என்ன மாமா, எழுதிவிட்டு அழித்துவிட்டீர்கள்?

மாமா (10:02): சாப்பாடு போடும்மா, வேண்டாம் என்று சொல்லவில்லை. கேமரா வேண்டாம். முடிந்தால் அன்றைக்கு நாம் யாருமே அங்கே போக வேண்டாம்.

பெரியப்பா: போகாமல் எப்படி மாப்பிள்ளை? பிள்ளைகள் பேரைச் சொல்லி வசூல் பண்ணிச் சொந்த வீடு கட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கண்ணால் பார்க்க வேண்டாமா?

மாமா (10:31): ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம் நான் அப்படி ஒரு பள்ளியில்தான் இருந்தேன். உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அங்கே பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. யாராவது சாப்பாடு போடுகிற நாளில் மணி அடிக்கும், வரிசையாக உட்காருவோம், தட்டில் போட்டும் விடுவார்கள். ஆனால் தொடக்கூடாது. அவர்கள் வந்து சேர இரண்டு, இரண்டரை ஆகும். அப்புறம் பாட்டு, போட்டோ. அதற்குள் எல்லாம் ஆறிப் போயிருக்கும்.

மாமா: நன்றி சொல்ல ஒரு பையனை எழுப்பி நிறுத்துவார்கள். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும், அதனால் நான்தான். "அப்பாவை இழந்த எனக்கு" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வார்டன் எழுதிக் கொடுத்தது. நாலு வருடம் அதைச் சொன்னேன். முதல் தடவை சொன்னபோது அழுதேன். அன்றைக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வார்டன், "அதே மாதிரி சொல்லுடா" என்றார்.

சித்தி: அண்ணா, இதை நீ சொன்னதே இல்லையே.

மாமா: சொல்ல என்ன இருக்கிறது. அந்தப் பள்ளி இல்லையென்றால் நான் படித்திருக்கவே மாட்டேன். அந்த வார்டனும் கெட்டவர் இல்லை. ராத்திரி காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மளிகைக் கடன் அவர் தலையில்தானே இருந்தது.

தம்பி (10:58): மாமா, இங்கிலாந்தில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்று ஒரு பள்ளி இருக்கிறது. பெயர்தான் ஹாஸ்பிட்டல். 1552இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார்கள், 1902இல் ஹார்ஷம் பக்கம் மாற்றினார்கள். வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், ஒன்றுமே கட்டாதவர்களும் உண்டு. ஆனால் நீளமான நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதுவும் இலவசம். யார் கட்டுகிறார், யார் கட்டவில்லை என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாமா: அதேதான். எங்கள் சட்டைப் பையில் கொடுத்தவர் பெயரையே அச்சடித்திருப்பார்கள்.

பெரியப்பா: கொடுக்கிறவனுக்குப் பெயர் ஆசை இருக்கத்தான் செய்யும். அதையும் தடுத்தால் எவன் கொடுப்பான்?

தம்பி: சாக்லேட் ஹெர்ஷி கொடுத்தாரே பெரியப்பா! அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. 1909இல் ஆதரவற்ற பையன்களுக்காகப் பென்சில்வேனியாவில் உறைவிடப் பள்ளி தொடங்கினார்கள். மனைவி இறந்தது 1915இல். 1918இல் தன் கம்பெனிப் பங்குகளைப் பள்ளி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அது வெளியே தெரிந்ததே 1923இல்தான்.

பெரியப்பா: பள்ளிக்கு யார் பெயர்?

தம்பி: அவர் பெயர்தான் 😄

பெரியப்பா: பார்த்தாயா.

சித்தி (11:20): ஓசூர்ப் பக்கம் சாந்தி பவன் இருக்கிறதே, 1997இல் ஏபிரகாம் ஜார்ஜ் தொடங்கியது. அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளையைத்தான் எடுப்பார்களாம். சின்ன வயதிலேயே சேர்த்துக் கல்லூரி வரை படிக்கவைக்கிறார்கள். நிறைய வீடுகளுக்கு எட்ட வேண்டும் என்றால் வேறு வழியில்லைதான். ஆனால் அந்த ஒரு பிள்ளை தலையில் எவ்வளவு பாரம்! நம் வீட்டில் அது நீதானே அண்ணா.

அக்கா (11:45): மாமா, நான் இப்படி யோசிக்கவே இல்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

மாமா: ஒரு வேலை நாளில், முன்னால் சொல்லாமல் நீயும் பெரியப்பாவும் மட்டும் அலுவலகத்துக்குப் போங்கள். அரசுப் பதிவு இருக்கிறதா, கணக்குத் தணிக்கை ஆகிறதா என்று கேளுங்கள். ராத்திரி பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள், வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை பேச விடுகிறார்கள் என்றும் கேளுங்கள். வார்டன் முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். சுளிக்கவில்லை என்றால், எது இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சாப்பாடாக இருக்காது. அதற்குத்தான் ஆள் வந்துகொண்டே இருக்கிறார்களே.

பெரியப்பா: இது சரி. நான் வருகிறேன். ரசீதையும் வாங்கிவிடலாம், வரிக்கு ஆகும்.

அக்கா (செவ்வாய், மாலை 5:40): போய்விட்டு வந்தோம். வார்டன் முகம் சுளிக்கவில்லை, பெரியப்பாதான் சுளித்தார், டீ கொடுக்கவில்லையாம். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டுமாம். லீவுக்கு ஊருக்குப் போக பஸ் காசு இல்லாமல் ஹாஸ்டலிலேயே தங்கிவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்களாம். இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

மாமா: பஸ் காசா! நல்லது.

சித்தி: அண்ணா, லீவுக்கு வரும்போது நீ கொண்டு வருகிற சட்டையைப் பிடுங்கி நான் போட்டுக்கொண்டு திரிவேனே. எதிலுமே பெயர் பார்த்த ஞாபகம் இல்லையே?

மாமா: பஸ் ஏறுவதற்கு முந்தின ராத்திரி பிளேடு வைத்துப் பையைப் பிரித்துவிடுவேன்.