டிஎன்டி போட்டும் லோன் மெசேஜ் நிற்கவில்லையே?

தெற்குவாசல்:
1909-க்கு ஸ்டார்ட் 0 என்று மெசேஜ் அனுப்பி, டிஎன்டி (விளம்பரம் வேண்டாம் என்ற பதிவு) பதிவாகிவிட்டது. அப்படியும் பத்து இலக்க எண்களிலிருந்து லோன் மெசேஜும் காலும் வருகின்றன. வாட்ஸ்அப்பிலும் அதே கதை. புகார் கொடுத்தால் 'செல்லாது' என்று மூடிவிடுகிறார்கள். வேறு வழி?

படித்துறை:
பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் செய்வதே விதிமீறல். விளம்பர அழைப்புக்கு 140, சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை. விளம்பரத் தொல்லைக்கான 2018 விதிமுறைகளை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2025 பிப்ரவரியில் திருத்தியது. இப்போது விளம்பரதாரராகப் பதிவு செய்யாத ஆள்மேல் புகார் சொல்ல டிஎன்டி-யே தேவையில்லை. மெசேஜ் வந்தபின் புகார் சொல்லும் கெடுவும் 3 நாளிலிருந்து 7 நாளாகிவிட்டது.

மெசேஜின் வாசகம், கமா, வந்த எண், கமா, தேதி (நாள்/மாதம்/ஆண்டு). இதை 1909-க்கு அனுப்புங்க. கால் என்றால் வாசகத்துக்குப் பதில் என்ன விற்றார்கள் என்று ஒரு வரி. 'தொல்லை தாங்கல' என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. எந்த சிம்முக்கு வந்ததோ அதிலிருந்தே அனுப்பணும். இரண்டு சிம் போன்களில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

எண்ணுக்குப் பதில் பெயரில் வந்தால் கடைசி எழுத்தைப் பாருங்க. பி விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. டிஎன்டி நிறுத்துவது விளம்பரத்தை மட்டும். எஸ் போட்டு லோன் விற்றால் அதையும் புகாரில் எழுதலாம்.

மேலவீதி:
ஒரு எண்மேல் 10 நாளுக்குள் 5 பேர் புகார் சொன்னால் அந்த எண்ணின் டெலிகாம் கம்பெனி நடவடிக்கை எடுத்தாகணும். நீங்க ஒருத்தரே ஐந்து தடவை அனுப்பினால் அது ஒன்றுதான். வீட்டில் மற்றவர்களுக்கும் வந்திருந்தால் அவரவர் போனிலிருந்து அனுப்பட்டும். முதல் தடவை மாட்டினால் 15 நாள் அவுட்கோயிங் கட்; மறுபடியும் என்றால் எல்லா இணைப்பும் ஓராண்டுக்குத் துண்டிப்பு.

வாட்ஸ்அப் இந்த விதிக்குள் வராது. அங்கேயே ரிப்போர்ட் செய்து பிளாக் பண்ணுங்க. மோசடி என்று பட்டால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் சொல்லுங்க. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

படித்துறை:
ஈமெயில் ஸ்பேமுக்கு நம்மிடம் தனிச் சட்டமே இல்லை. ஓரளவு பொருந்தியது, தொல்லை தரும் ஈமெயிலைக் குற்றமாக்கிய ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தின் 66ஏ(சி) பிரிவு. 2015-ல் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை ரத்து செய்தபோது அதுவும் சேர்ந்து போயிற்று. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி இருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை.

தெற்குவாசல்:
மெசேஜ் வந்தது இரண்டாவது சிம்முக்கு, புகார் போனது முதல் சிம்மிலிருந்து. இன்னும் 7 நாள் ஆகவில்லை, மாற்றி அனுப்பிவிடுகிறேன்.