வாகமண் பைன் ஊசிகள் மஞ்சளாவது ஓசோனாலா?

வண்டிப்பெரியார்த் தம்பி:
வணக்கம். வாகமண் பைன் காட்டில் சில மரங்களில் ஊசி போன்ற இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளாகி நிறையக் கொட்டுகின்றன. ஓசோன் காரணமாக இருக்கலாம் என்கிறார் ஒருவர். அது மேலே நம்மைக் காக்கிற படலம்தானே? பக்கத்தில் ஆலையும் இல்லை, பெரிய நகரமும் இல்லை.

கம்பம் விவசாயி:
தம்பி, வாயு ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் பெட்ரோல் ஆவி போன்றவையும் வெயிலில் வினைபுரிந்து தரைக்கு அருகே ஓசோன் உண்டாகிறது. அதற்கு நேரம் பிடிப்பதால் நகரத்தைத் தாண்டி, காற்றடிக்கும் திசையில் உள்ள மலைகளில்தான் அது கூடுதலாகச் சேரும். ஆலை இல்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலையில் 1950களில் பாண்டரோசா பைன்கள் இப்படித்தான் மஞ்சளாகிக் கொட்டின. காரணம் தெரியாமல் எக்ஸ் நோய் என்றார்கள், 1960களில்தான் ஓசோன் என்று உறுதியானது. இலைத்துளை வழியே உள்ளே போய்ப் பச்சையத்தைக் கெடுக்கிறது, பழைய ஊசிகள் முன்கூட்டியே விழுகின்றன, மரத்துக்கு உணவு குறைந்து பிசின் சுரப்பும் தளர, மரப்பட்டை வண்டு துளைக்கும்போது தடுக்கத் தெம்பு இருக்காது. கடைசியில் வண்டுதான் கொன்றது என்று கணக்கில் எழுதுவார்கள். எனக்கு இதுதான் ஆறவில்லை.

குமுளி ஏலக்காட்டு அக்கா:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் மஞ்சள் எல்லாம் ஓசோன் ஆகாது. பைன் தன் பழைய ஊசிகளைத் தானாகவும் உதிர்க்கும். ஒரு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓசோன் என்றால் மஞ்சள் புள்ளிகளின் ஓரம் தெளிவில்லாமல் பச்சையோடு கலந்திருக்கும், பழைய ஊசிகளில்தான் முதலில் வரும். பட்டை பட்டையாகச் சிவந்து நடுவில் கறுப்புப் பொட்டு இருந்தால் பூஞ்சை. அப்புறம், எல்லா மரத்திலும் இருக்கிறதா, சிலவற்றில் மட்டுமா?

வண்டிப்பெரியார்த் தம்பி:
அக்கா, பார்த்தேன். கறுப்புப் பொட்டு இல்லை. ஆட்கள் நடக்கும் தடத்தை ஒட்டிய மரங்கள்தான் இப்படி இருக்கின்றன, சரிவின் உள்ளே பச்சையாகவே நிற்கின்றன.

குமுளி ஏலக்காட்டு அக்கா:
அப்படியென்றால் முதலில் மண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். காற்றில் வரும் ஓசோன் தடத்தோரத்தோடு நின்றுவிடாது. சுற்றுலாக் கூட்டம் மிதித்து மிதித்து மண் கல்லாக இறுகினால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், இரண்டு இடத்திலும். தடத்தோரம் மட்டும் இறங்கவில்லை என்றால் வேலி கட்டச் சொல்லி பஞ்சாயத்தில் மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கம்பம் விவசாயி:
நானும் போடுகிறேன். உள்ளே இருக்கும் மரங்களையும் மார்ச், ஏப்ரல் வெயிலில் ஒருமுறை பார்த்துப் படம் போடு தம்பி, மழைக்காலத்தில் ஓசோன் குறைந்துவிடும்.