விழப்போகிற பால் பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டுமா? ஃப்ளோரைடு பேஸ்ட் கொடுக்கவும் பயமாக இருக்கிறது

கேள்வி: பென்னாகரத்துப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்தரை வயது, யூகேஜி படிக்கிறாள். பத்து நாளாக வலது பக்கம் மெல்ல மாட்டேன் என்கிறாள். முறுக்கைக்கூட இடது கன்னத்தில் ஒதுக்கி, ஊற வைத்துத்தான் தின்கிறாள். போன வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழுதாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசிக் கடவாய்ப்பல்லில் கருப்பாக ஒரு குழி. அதற்குக் கீழே ஈறில் கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம்.

மறுநாள் தர்மபுரிக்குக் கூட்டிப் போனோம். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை நரம்பு வரை போய்விட்டது, வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போட வேண்டும் என்றார். ஐயாயிரம் ரூபாய் ஆகுமாம். மாமியார், "விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு செலவு, புடுங்கிட்டா புதுசு முளைச்சுட்டுப் போகுது" என்கிறார். பூச்சிப்பல்தானே, கண்டங்கத்திரி விதையைப் புகை போட்டால் பூச்சி விழுந்துவிடும் என்கிறார் மாமனார். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இனிமேல் ஃப்ளோரைடு உள்ள பேஸ்டில்தான் பல் தேய்த்துவிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம், தோட்டத்து வீட்டில். போர்த் தண்ணீர் குடித்தே வளர்ந்தோம். என் முன்பற்கள் முளைக்கும்போதே பழுப்புத் திட்டுகளோடுதான் முளைத்தன. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தான். தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது சொன்னார்கள். அதனால்தான் மகளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து ஃப்ளோரைடு இல்லாத பேஸ்டாகத் தேடி வாங்கினேன். அதே பொருளை அவள் வாயில் எப்படி வைப்பேன்?

மூன்றரை வயது வரை ராத்திரி பாட்டில் பால் குடித்துக்கொண்டேதான் தூங்குவாள். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம் என்று நாட்டுச் சர்க்கரைதான் போட்டேன். அதனால் வந்ததா இது? உண்மையைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

பதில்: சேலம் பல் மருத்துவர்

சகோதரி, சேலத்தில் குழந்தைகளுக்கு மட்டும் பல் வைத்தியம் பார்க்கிறேன். எக்ஸ்ரே பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் டாக்டர் சொன்னது சரியாகத்தான் படுகிறது. ஈறில் கொப்புளம் வந்தால் வேரடியில் சீழ் இருக்கிறது என்று அர்த்தம். கொப்புளம் உடைந்து வலி நின்றாலும் நோய் உள்ளேயேதான் இருக்கும். கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பால் பற்கள் மொத்தம் இருபது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும், அது சரி. ஆனால் கடைசிக் கடவாய்ப் பால் பல் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. பாப்பா இன்னும் ஐந்தாறு வருடம் அதில்தான் மெல்ல வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆறு வயதையொட்டி அந்தப் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைப்பதால் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல், ஆயுசுக்கும் அது ஒன்றுதான். முன்னால் இருக்கும் பால் பல்லை ஒட்டித்தான் அது தன் இடத்துக்கு வந்து நிற்கும். பால் பல்லை இப்போது பிடுங்கினால் பெரிய பல் முன்னால் நகர்ந்து வந்துவிடும், பிறகு அடியிலிருந்து வர வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. அந்தப் பல்லின் மொட்டு பால் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் இப்போது வளர்கிறது. சீழை விட்டு வைத்தால் அந்த மொட்டையும் கெடுக்கலாம்.

வேர் சிகிச்சை என்றதும் பெரியவர்களுக்குச் செய்வதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பால் பல்லின் வேர் தானாகக் கரைய வேண்டும், அதனால் கூடவே கரைகிற மருந்தைத்தான் உள்ளே அடைப்போம். நேரம் வந்ததும் ஸ்டீல் கேப்போடு சேர்ந்தே பல் விழும். வேர் ஏற்கெனவே ரொம்ப அரித்துப் போயிருந்தால் மட்டும் பிடுங்குவோம். அப்போதும் இடம் பிடித்து வைக்கும் கம்பி போட வேண்டும், பாப்பாவின் வயதுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பல்லில் பூச்சி கிடையாது. வாயில் இருக்கும் கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது, அவ்வளவுதான். வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் அந்தக் கிருமிக்கு ஒன்றுதான். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், பல்லைக் கழுவ ஆள் இல்லாத நேரம் அது. ஆகவே ராத்திரி பாட்டில் ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தீர்கள். என்னிடம் வருகிற தாய்மார்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்லி அழுகிறார்கள்.

பதில்: ஓசூர் அப்பா

அக்கா, நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். என் பையனுக்கு ஐந்து வயதில் இதே பல், இதே பேச்சு. செலவைப் பார்த்துப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். இடம் பிடிக்கும் கம்பி பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பின்பல் முன்னால் சாய்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் அடியிலிருந்து வந்த பல் இடமில்லாமல் உள்பக்கம் நாக்கை இடித்துக்கொண்டு முளைத்தது. இப்போது பதின்மூன்று வயது, கிளிப் போட்டு ஒன்றரை வருடம் இழுக்க வேண்டும் என்கிறார்கள். அன்றைக்கு மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு இப்போது கொடுக்கிறேன். பணத்தைவிட, அவன் சோறு உண்ணும்போது படுகிற பாட்டைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

பதில்: வடசென்னைப் பாட்டி

கண்ணு, பணம்தான் யோசனை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. குழந்தைக்கு வேர் சிகிச்சை செய்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு போ. என் பேத்திக்குச் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில், கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறதே, அங்கேதான் பார்த்தோம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். நாலு தடவை நடந்தோம், ஆனால் பொறுமையாகப் பார்த்தார்கள்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். குழந்தையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதே, லேசாக வலித்தாலும் அப்புறம் உன்னை நம்பாது. ஊசி என்ற வார்த்தையையே வீட்டில் எடுக்காதே. பல்லைத் தூங்க வைக்கப் போகிறார்கள் என்று சொல்லு. காலையில் நன்றாகச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போ. மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள். கிராம்புத் தைலத்தை அப்படியே வைக்காதே, என் பேத்திக்கு ஈறு வெந்துவிட்டது.

பென்னாகரத்துப் பெண்

பாட்டி, தம்பி, டாக்டர், மூவருக்கும் நன்றி. தம்பி எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கேப்பே போட்டுடுங்க" என்றார். ஆனால் ஃப்ளோரைடு பயம் எனக்கு இன்னும் போகவில்லை, டாக்டர். வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் போர்த் தண்ணீர். நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

பதில்: சேலம் பல் மருத்துவர்

முதலில் அந்தக் கொதிக்க வைப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒகேனக்கல் தண்ணீரையே கேனில் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர் கொடுங்கள். போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது. உங்கள் மாவட்டத்துப் பாறையிலேயே அது இருக்கிறது, ஆழமாகத் துளை போட்ட இடங்களில் தண்ணீரில் கரைந்து வருகிறது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து 2013-இல் ஒகேனக்கல் திட்டத்தைத் தொடங்கியதே இதற்காகத்தான்.

இப்போது பேஸ்ட். உங்கள் பற்களில் கறை வந்தது, அவை ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வருடங்களில் நீங்கள் தினமும் ஃப்ளோரைடை விழுங்கியதால். சோறு, குழம்பு, டீ, எல்லாமே அந்தத் தண்ணீரில்தானே. பேஸ்டில் இருப்பது முளைத்த பல்லின் மேல் பட்டு, அமிலம் கரைத்த இடத்தைத் திரும்பக் கெட்டிப்படுத்துகிறது. துப்பிவிட்டால் வேலை முடிந்தது. பாப்பாவின் வயதுக்குப் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு. பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். நீங்களே தேய்த்துவிடுங்கள், ஏழெட்டு வயது வரை அவர்கள் கைக்குச் சரியாக வராது. நுரையைத் துப்பச் சொல்லுங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. பேஸ்டைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பழ வாசனை பேஸ்டைப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள்.

உங்கள் பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறை வேறு, சொத்தை வேறு. மேலோட்டமான கறையைக் குறைக்க இப்போது வழி இருக்கிறது. பாப்பாவுடன் போகும்போது உங்களையும் காட்டுங்கள்.

பென்னாகரத்துப் பெண்

நேற்று இரண்டாவது தடவை போய் கேப் போட்டு முடித்தாயிற்று. முதல் நாள் ஐந்து நிமிடம் அழுதாள், நேற்று அதுவும் இல்லை. "வெள்ளிப் பல்" என்று தெரு முழுக்க வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தாள். இன்று மத்தியானம் வலது பக்கம் மென்று கால் தோசை தின்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர், ராத்திரி பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துத் தேய்த்துவிடும்போது இடது பக்கம் கடைசியில், பால் பல்லுக்கும் பின்னால், ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. நீங்கள் சொன்ன அந்த ஆறு வயதுப் பல்தானே? சொத்தை வராமல் அந்தப் பல்லின் மேல் இருக்கும் பள்ளங்களை மூடுவதற்குப் பூச்சு ஒன்று இருப்பதாக இங்கே டாக்டர் சொன்னார். இப்போதே கூட்டிப் போகட்டுமா, முழுசாக வெளியே வரும் வரை பொறுக்க வேண்டுமா?

பதில்: சேலம் பல் மருத்துவர்

அதேதான். மேல்பாகம் முழுக்க ஈறை விட்டு வெளியே வரட்டும், பூச்சு ஒட்டுவதற்குப் பல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை பிரஷைப் பக்கவாட்டில் குறுக்கே வைத்து அந்த முனையைத் தனியாகத் தேய்த்துவிடுங்கள். மற்ற பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராகத் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாது.