உப்புவெளியில் ஓர் அரைத்தூர ட்ரையத்லன்: கச்சான் காற்றும் மீன் ஐஸும்

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ட்ரையத்லனில் நீச்சல் பகுதி லேசாக முடிந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். திருகோணமலைக்காரன் நானே சொல்கிறேன், அது பாதிதான் சரி. எங்களில் பலர் கடலில் குளித்தவர்கள், பாய்ந்து விளையாடியவர்கள். நிற்காமல் 1.9 கிலோமீற்றர் நேராக நீந்துவது வேறு வேலை. ஆனால் அந்த நாளை உண்மையில் தீர்மானித்தது நீச்சலும் இல்லை, ஓட்டமும் இல்லை. நடுவில் இருந்த சைக்கிள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அரைத்தூர ட்ரையத்லன் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் கூட்டினால் 113 கிலோமீற்றர், மைல் கணக்கில் 70.3. இந்தத் தூரத்துக்கான சர்வதேசப் போட்டித் தொடருக்கு அயர்ன்மேன் 70.3 என்ற பெயர் அப்படித்தான் வந்தது. முழுத்தூரம் இதன் இரட்டிப்பு. கொழும்பில் 2018 பெப்ரவரியில் முதன்முதலாக அயர்ன்மேன் 70.3 நடந்தபோதுதான் எங்கள் கூட்டத்துக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வெளியில் போய்ப் போட்டியிடப் பதிவுக் கட்டணம், தங்குமிடம், சைக்கிளை ஏற்றி இறக்கும் செலவு என்று பட்டியல் நீளும். அதனால் சொந்த ஊரிலேயே அதே தூரத்தை அளந்து ஓடிப் பார்ப்போம் என்று முடிவானது. பதக்கம் இல்லை, நேரம் பதியக் காலில் கட்டும் சிப் இல்லை, பெயரும் இல்லை. ஏழு பேர். வங்கியில் வேலை செய்கிறவர், ஆசிரியர் இரண்டு பேர், ஒரு நேர்ஸ் அக்கா, நிலாவெளியிலிருந்து ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது), கம்பஸில் படிக்கிற தம்பி ஒருவன், நான்.

பெயர் இல்லாவிட்டாலும் விதிகளை விடவில்லை. நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்துக்குள் சைக்கிளால் இறங்க வேண்டும், எல்லாம் எட்டரை மணித்தியாலத்துக்குள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை ஏமாற்றக் கூடாது. ஏழு பேருக்குள் இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தம்பி கேட்டான். நேர்ஸ் அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

கடலுக்கு ஒழுங்கு செய்ததுதான் பெரிய வேலை. திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடங்கள் உண்டு. வலை வளைத்திருக்கும் நேரத்தில் நடுவில் போய் நீந்தினால் அடிதான் விழும், அதுவும் நியாயமான அடி. நாலு நாள் முன்னதாகவே போய்ப் பேசி, அன்று காலை எந்தப் பக்கம் வலை இல்லை என்று கேட்டு அந்த இடத்தில்தான் கோடு போட்டோம். மிதவைக்கு மஞ்சள் பிளாஸ்டிக் கான்கள், அடியில் கல். பாதுகாப்புக்கு ஒரு கடற்றொழிலாளர் ஐயா தன் ஃபைபர் படகோடு வந்தார். எண்ணெய்க் காசு மட்டும்தான் வாங்கினார்.

குளத்தில் நீந்திப் பழகியவர்களுக்குக் கடலில் தட்டுப்படுகிற முதல் சிக்கல், அடியில் கறுப்புக் கோடு இல்லை என்பது. ஏழெட்டுக் கை வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல் தூக்கி எங்கே போகிறோம் என்று பார்க்க வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு தாழும், வேகம் போகும். தெற்கே போகும்போது கவலையில்லை, தூரத்தில் கோணேசர் மலை தெரியும், அதைக் குறிவைத்தால் போதும். திரும்பி வடக்கே வரும்போது குறிக்கு ஒன்றும் இல்லை, நீண்ட மணலும் தென்னையும்தான். அதோடு வலப்பக்கம் திரும்பி மூச்சு எடுத்தால் அப்போதுதான் எழும்பிய சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். ஐயா இதை எங்களைவிட நன்றாக அறிந்தவர். முதல் நாளே சொன்னார்: “தம்பி, ஒரு மரத்தை மட்டும் பாத்தா சரிவராது. முன்னால ஒண்டு, அதுக்குப் பின்னால ஒண்டு, ரெண்டும் ஒண்டா நிக்கோணும். விலகினா நீ இழுபடுறாய்.” ஒரு விடுதியின் தண்ணீர்த் தாங்கியையும் அதற்கு முன்னால் நின்ற சாய்ந்த தென்னையையும் பிடித்துக்கொண்டேன். இடப்பக்கம் மட்டும் மூச்சு எடுத்தேன். இரண்டு சுற்று முடித்து மணலில் கால் வைத்தபோது ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஜெலி மீன் கடித்தது நானாவுக்கு மட்டும், முழங்கையில். அவர் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

கரையில் ஒரு பேசினில் நல்ல தண்ணி வைத்திருந்தோம். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். விரல் இடுக்கில் மணலோடு சப்பாத்துப் போட்டால் ஓட்டத்தில் தோல் உரியும். கழுத்திலும் கமக்கட்டிலும் உப்பு காய்ந்து உரசும், வசலின் நிறையப் பூசிக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் தண்ணியில் போய்விடுகிறது.

இனிச் சைக்கிள். உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ப் பக்கம் தாண்டி, புல்மோட்டைக்குச் சற்று முன்னால் திரும்புவது. றோட்டு நல்லது, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காலையில் போகும்போது சொர்க்கம். உப்பளத்துப் பாத்திகள் ஒரு பக்கம் மினுங்கும், களப்புக்கு மேல் கொக்கு நிற்கும், வேகமானி தானாக 30ஐத் தாண்டும். அங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. எங்கள் கரையில் வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் வீசும், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். விடியலில் அடங்கியிருக்கும், ஒன்பது மணிக்குப் பிறகுதான் எழும்பும். வடக்கே போகிறவனைப் பக்கவாட்டில் பின்னாலிருந்து மெல்லத் தள்ளும். திரும்புகிறவனுக்கு அதே காற்று முகத்தில். காய்ந்த, சூடான காற்று. வியர்வை வழிவதே தெரியாது, வந்தவுடன் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழுவதைப் பார்த்துத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

தம்பி போகும்போதே பறந்துவிட்டான். அவனிடம் கார்பன் சைக்கிள், கடன் வாங்கியது. நானா பழைய லுமாலா சைக்கிளுக்கு நல்ல டயர் போட்டு வந்திருந்தார். அவர் ஒரே வேகத்தில், காற்று எப்படி இருந்தாலும் காலில் ஒரே பாரத்தோடு மிதித்தார். வரும்போது குச்சவெளிக்கு அருகில் தம்பியைப் பிடித்துத் தாண்டினார். தாண்டும்போது “என்ன தம்பி, காத்து கூடவா?” என்று கேட்டாராம். இதுதான் நான் சொல்ல வந்தது. சைக்கிளில் பத்து நிமிடம் உழைத்துச் சேர்த்தால் ஓட்டத்தில் நாற்பது நிமிடம் கட்ட வேண்டி வரும். இந்த வட்டியில் காசு கொடுக்க எந்தக் கடைக்காரனும் வரமாட்டான்.

மாடுகளையும் சொல்ல வேண்டும். நிலாவெளி தாண்டினால் றோட்டின் நடுவில் படுத்திருக்கும். மணி அடித்தால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். எருமை அதுவும் செய்யாது.

சாப்பாடும் சைக்கிளில்தான். ஓட்டத்தில் வயிறு ஏற்காது, நீச்சலில் வழியில்லை. மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு, பழகிய வயிற்றுக்கு 90 வரை போகலாம். வெளிநாட்டு ஜெல் ஒன்றின் விலைக்கு இங்கே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கலாம் என்பதால் கதலிப்பழம், பேரீச்சம்பழம், பனங்கட்டி என்று கட்டிக்கொண்டோம். பனங்கட்டி வெயிலில் இளகிச் சட்டைப்பையில் ஒட்டியது, ஆனாலும் வேலை செய்தது. தண்ணிக்கு ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு–குளுக்கோஸ் தூள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லீற்றர் ஜீவனியில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது உப்பைத் தரும், ஓடத் தெம்பு தராது. அதை மட்டும் குடித்துவிட்டு “நல்லாத்தானே குடிச்சன், ஏன் கால் வரேல்லை” என்று கேட்பதில் பயனில்லை. மறுபக்கம், வெறும் தண்ணியையே லீற்றர் லீற்றராகக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. நேர்ஸ் அக்கா இதை எல்லோர் காதிலும் ஓதிவிட்டார். 1978இல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் பதினைந்து பேர் தொடங்கிப் பன்னிரண்டு பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த ஜோன் டன்பாருக்கு வழியில் தண்ணி தீர்ந்து, உதவிக்கு வந்தவர்கள் பியர் கொடுத்தார்களாம். நாங்கள் அந்தப் பாரம்பரியத்தைப் பின்பற்றவில்லை.

சைக்கிளால் இறங்கி ஓடத் தொடங்கும் முதல் இரண்டு கிலோமீற்றரில் கால் நம்முடையதாக இருக்காது. தொடை மிதிக்கிற கணக்கிலேயே நிற்கும். பயிற்சியில் சைக்கிளுக்குப் பிறகு உடனே கால் மணித்தியாலமாவது ஓடிப் பழகியவர்களுக்கு அது சீக்கிரம் விடும். எங்கள் ஓட்டப்பாதை உப்புவெளியிலிருந்து பிரெடெரிக் கோட்டை வாசல் வரை போய்த் திரும்புவது, இரண்டு தடவை. பதினொரு மணி வெயில். தார் றோட்டுச் சூடு சப்பாத்து அடியால் ஏறும். சனம் வேடிக்கை பார்த்தது. பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா, “எங்க மகன் அவசரமா?” என்று உண்மையாகவே கேட்டார். கோட்டைப் பக்கம் மான்கள் நிழலில் நின்று அசைபோட்டன. அவற்றுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

இரண்டாவது சுற்றில்தான் மீன் ஐஸ். காலையில் படகில் வந்த ஐயா, எங்களுக்குச் சொல்லாமலே ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் கொண்டுவந்து போர் வீரர் மயானத்துக்கு எதிரே ஓட்டோவோடு நின்றார். தொப்பியைக் கழற்றச் சொல்லி இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டு, அப்படியே தலையில் கவிழ்த்தார். நெற்றியில் வழிந்த தண்ணி வாய்க்குள் போனது. சூடை மீன் மணம் அப்படியே. முகம் சுளிக்க நேரமில்லை, உடம்பு குளிர்ந்தது, அடுத்த மூன்று கிலோமீற்றருக்கு நடக்கவே இல்லை. ஐஸ் தீர்ந்த பிறகு ஒரு லைட் கம்பத்துக்கு ஓட்டம், ஒரு கம்பத்துக்கு நடை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடித்தவர்கள் ஆறு பேர். தம்பி ஓட்டத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா அவன் நாடியைப் பிடித்துப் பார்த்து, நிழலில் படுக்கவைத்து, ஓட்டோவில் ஏற்றிவிட்டுப் பிறகு தன் ஓட்டத்தைத் தொடர்ந்தார். அப்படி நின்றும் எட்டரை மணித்தியாலத்துக்குள் வந்தார். முதலில் வந்தது நானா. நான் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே. செவ்விளநீர் வெட்டி வைத்திருந்தார்கள், இரண்டு குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

அடுத்த தடவைக்கான திகதி இன்னும் முடிவாகவில்லை. கச்சான் எழும்ப முன்னர், சித்திரையில் வைப்போம் என்பது என் பக்கம். வருடப்பிறப்புக்கு ஊரே சொந்தக்காரர் வீட்டில் இருக்கும், சைக்கிள் பாதையில் தண்ணி கொடுக்க யார் நிற்பது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நானா காற்று இருக்கட்டும் என்கிறார், அவருக்கு அது லாபம். ஐயாவிடம் கேட்டோம். கரைவலை ஆட்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.